நிலாவுக்குக் கீழே வெளிச்சம் இல்லை

துப்பறியச் சொல்லி வரும் கட்சிக்காரர்கள் வழக்கமாகக் காணாமல் போன ஆளின் படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். அன்று காலை வந்தவர் படத்தை வைத்துவிட்டு, இந்தப் படமே மாலை ஐந்து மணிக்குக் காணாமல் போய்விடும் என்றார்.

பைரோஸுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில், செருப்புக்கடை மாடியில், மணிமேகலை நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் அவன் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. வாய் கொஞ்சம் அடங்கியிருந்தால் அதற்கு முன் பார்த்த நான்கு வேலைகளில் ஒன்றிலாவது நிலைத்திருப்பான். மணிமேகலைக்கு நேர்மாறான குணம். இருபது வருடம் கோர்ட் வாசல் மரத்தடியில் உட்கார்ந்து ஊராருக்கு மனு தட்டச்சு செய்துகொடுத்தவள். பேசுகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டாள். அவர் கொண்டுவந்த தாளைத்தான் பார்ப்பாள்.

வந்தவர் பெயர் அசாருதீன். ஊர் அறந்தாங்கி. வளைகுடாவில் ஒரு மீன் கம்பெனியின் ஐஸ் கிடங்கில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். கடை வைப்பார், கல்யாணம் செய்துகொள்வார் என்று வீட்டில் எதிர்பார்த்திருக்க, அவர் மாடி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று வருடமாக ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார். பெயர் ‘ஏழாவது படகு’. இணையக் கடை ஒன்றில் நாளை அது விற்பனைக்கு வருகிறது. வருவதற்கு முன்பே பதினோராயிரம் பேர் அதை விருப்பப் பட்டியலில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

மேசையில் இருந்தது அந்தக் கேமின் கடைப் படம். கறுத்த கடல். கரையில் முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண்ணின் கையில் விளக்கு. கடலுக்கு மேலே பெரிய வெள்ளை நிலா. படத்துக்கு அடியில் விளக்கமாக இரண்டு வரி: ‘ஆறு படகு கரைக்கு வந்துவிட்டது. ஏழாவதில் என் அண்ணன்.’

பைரோஸ் சும்மா இருக்கவில்லை. கேம் உள்ளே நன்றாக இருந்தால் போதாதா, வாசலில் மாட்டுகிற படத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்டுவைத்தான். அசாருதீனுக்கு அதுதான் பிடித்த பேச்சு போலிருந்தது. அதுவரை சுருங்கியிருந்த உடம்பு நிமிர்ந்தது.

“கடையில ஆயிரம் கேம் வரிசையா நிக்கும் பாய். ஒவ்வொண்ணும் தபால் தலை அளவு. அந்த அளவுல பார்த்ததும் மனசுல நிக்கணும். இல்லாட்டி தாண்டிப் போயிருவாங்க. யாரும் பெரிசாக்கிப் பார்க்க மாட்டாங்க.”

“அப்ப நம்ம ஊரு காதுகுத்து பேனரு அங்கிட்டு செல்லாது. அதுல தாய்மாமனுகளே தபால் தலை அளவுல நாப்பது பேரு.”

அசாருதீன் சிரிக்கவில்லை. விளக்க வரிகளும் அப்படித்தான் என்றார். முதலிரண்டு வரிதான் கடையில் தெரியும்; மீதி, ‘மேலும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஆரம்பத்தில் அவர், பன்னிரண்டு தீவு, நாற்பது கட்டம், மூன்று மொழி என்று வரிசையாக எழுதி வைத்திருந்தாராம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எப்போது எதை மாற்றினார், எத்தனை பேர் வந்தார்கள் என்று தேதி வாரியாகக் குறித்த பட்டியல் ஒன்று அவர் கொண்டுவந்த கோப்பிலேயே இருந்தது.

இப்போது வந்திருக்கும் வினை, போன வாரம் கடைக்குப் போன ஒரு புகார். படமும் அந்த இரண்டு வரியும் தங்களுடையவை என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். புகாரில் இருந்ததெல்லாம் ‘ராக்காயி, ஆலங்குடி’ என்ற இரண்டே சொல். இன்று மாலை ஐந்து மணிக்குள் புகார் திரும்பப் பெறப்பட வேண்டும். இல்லையென்றால் பக்கத்தை மூடிவிடுவார்கள். மூன்று வருட உழைப்பு, பதினோராயிரம் பேர், எல்லாம் அதோடு போச்சு. படத்தைத் தானே வரைந்ததாகவும், மூலப் படம் பழைய கணினியோடு போய்விட்டதாகவும், ராக்காயி என்று யாரையும் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். அந்த அம்மாளைக் கண்டுபிடித்து, தான் கொண்டுவந்திருக்கும் வாபஸ் கடிதத்தில் ஒப்புதல் வாங்கி வர வேண்டும். அதுவரை இங்கேயே மடிக்கணினியோடு காத்திருப்பார்.

மணிமேகலை வாபஸ் கடிதத்தை எடுத்தாள். படத்தைவிட அதைக் கூடுதல் நேரம் பார்த்தாள்.

“இதை நீங்களே டைப் பண்ணீங்களா தம்பி?”

“ஆமா மேடம். தப்பு இருக்கா?”

“தப்பு ஒண்ணும் இல்லை,” என்று மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

படியிறங்கும்போது படத்தைப் பைரோஸிடம் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேட்டாள். கடல், பெண், விளக்கு, நிலா என்று அவன் ஒப்பித்தான். நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் கறுப்பு ஓரம் ஓடுகிறது என்றான்.

“தபால் தலை அளவுல இடம் பத்தலைன்னு அழுகிற ஆளு, நாலு பக்கமும் இடத்தை இப்படி வீணாக்குவாரா?”

பைரோஸ் வண்டிச் சாவியைத் தேடுவதை நிறுத்தினான். ஓரம் விடுகிற தொழில் ஒன்றே ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். பிளக்ஸ் பேனர். சட்டத்தில் இழுத்து ஆணி அடிக்க ஓரம் வேண்டும்.

“இன்னொண்ணு,” என்றாள் அவள். “இம்மாம் பெரிய நிலா. தண்ணியைப் பாரு.”

பார்த்தான். கையிலிருக்கும் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் அலையில் கோடு கோடாக விழுந்திருந்தது. நிலாவுக்குக் கீழே கடல் கறுப்பாகவே கிடந்தது.

“அலையைக்கூட ஒண்ணொண்ணா வரைஞ்ச கை, நிலா வெளிச்சத்தை மட்டும் மறந்துருச்சா?” என்று கேட்டுவிட்டு அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

ஆலங்குடி பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பிளக்ஸ் கடையில் பாலாஜி என்பவர் ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனரை மிஷினிலிருந்து உருவிக்கொண்டிருந்தார். பேனர் பாதி வெளியே வந்தும் விழா நாயகி வரவில்லை. இன்னும் மாமன்மார்களே வந்துகொண்டிருந்தார்கள். பொண்ணு அடுத்த பஸ்ஸில் வருதா என்று பைரோஸ் கேட்டதும் பாலாஜிக்கு அவனைப் பிடித்துப்போனது. படத்தை வாங்கியவர் கடலையும் பார்க்கவில்லை, பெண்ணையும் பார்க்கவில்லை. ஓரத்தை விரலால் அளந்தார்.

“இது ரம்யா விடுற ஓரம்ல.”

ரம்யா அவர் கடையில் டிசைன் போட்ட பெண். மற்றவர்கள் ஒரு விரல் ஓரம் விட்டால் அவள் இரண்டு விரல் விடுவாள். பேனர் சட்டத்தில் நிற்பது மூன்று நாள்தான், அப்புறம் அது கூரைக்கும் கொட்டகைக்கும் போகும், இன்னொரு தடவை ஆணி அடிக்க இடம் வேண்டுமல்லவா என்பாளாம். பிளக்ஸ் வீணாகிறது என்று பாலாஜி எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்னால் தன் அண்ணனுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்றைப் போட்டுவிட்டு வேலையை விட்டுப் போனவள், அப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை. ஃபைல் எதுவும் கடையில் இல்லை. அம்மா பெயர் ராக்காயி. வீடு, தெற்கே முந்திரிக்காட்டை ஒட்டி இருக்கிறது.

போகும் வழியில் பைரோஸ் வழக்கமான உற்சாகத்தில் இருந்தான். புகார் கொடுத்தவள் கையில் ஆதாரம் எதுவும் இல்லை, கட்சிக்காரர் ஜெயித்துவிட்டார் என்றான். மணிமேகலை பின்னால் உட்கார்ந்து, முழங்காலில் ஒரு தாளை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ரோட்டோரம் ஒரு வைக்கோல் போரை மூடியிருந்த பிளக்ஸில், மாப்பிள்ளை ஒருவர் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை. உள்ளே ஒரு அம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து, வறுத்த முந்திரிக்கொட்டையைக் கட்டையால் தட்டிப் பருப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். சாம்பல் பூசிய கை. சாம்பலுக்கு அடியில் தோல் கருகித் தடித்துப்போயிருந்தது. முந்திரி எண்ணெய் பட்டுப் பட்டு வந்த கறுப்பு அது. பக்கத்தில் முறத்தோடு நின்ற இளம்பெண், யார் வேண்டும் என்று கேட்டாள்.

பைரோஸ் பதில் சொல்லத் தலை நிமிர்ந்தவன், அப்படியே நின்றுவிட்டான்.

கீற்றுக்கு அடியில், கூரையின் உட்பக்கம் முழுக்க ஒரு பிளக்ஸ் விரித்து ஆணி அடித்திருந்தது. கறுத்த கடல். முதுகைக் காட்டி நிற்கும் பெண். கையில் விளக்கு. அதே இரண்டு வரி. நிலா மட்டும் இல்லை. நிலா இருக்க வேண்டிய இடத்தில், வட்டத்துக்குள் ஒரு இளைஞனின் முகம் இருந்தது. வலது புருவத்துக்கு மேல் சின்னத் தழும்பு. கீழே தேதியும் பெயரும். அஜித்.

“மழை முகத்துல விழக்கூடாதுன்னு ஆத்தா உள்பக்கமாப் போடச் சொல்லுச்சு,” என்றாள் ரம்யா.

அவள் சொன்ன கதையில் சுற்றிவளைப்பு எதுவும் இல்லை. அஜித்தை வளைகுடாவில் சூப்பர் மார்க்கெட் வேலை என்று சொல்லி அழைத்துப்போய் மீன்பிடிப் படகில் ஏற்றிவிட்டார்கள். கடலையே பார்க்காமல் வளர்ந்தவன். ஒருநாள் ஏழு படகு போய் ஆறு திரும்பியது. உடல் வரவில்லை. அவன் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தது அங்கே அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த அசாருதீன்தான். புதைக்க ஒன்றும் இல்லாத வீட்டில் ரம்யா இந்தப் பேனரை வரைந்தாள். ஒரு வருடம் கழித்து அசாருதீன் வந்து, அஜித் கதையைத்தான் கேமாகச் செய்கிறேன், இந்தப் படத்தையும் வரியையும் தருவாயா என்று கேட்டார். அவள் சந்தோஷமாகவே கொடுத்தாள். அவர் இந்தக் கூரைக்குக் கீழே நின்று, போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

“ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். அண்ணன் மொகத்துல மட்டும் கை வைக்காதீங்கன்னு.”

தன் பெயரைப் போடச் சொல்லவில்லை, வேறு எதையும் கேட்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன் போனில் பார்த்தால் முகம் இருந்த இடத்தில் நிலா. கூப்பிட்டாள், அவர் எடுக்கவில்லை. நேரில் போனாள், வீட்டில் இல்லை என்றார்கள். அதற்கப்புறம்தான் அம்மா பெயரில் புகார்.

மணிமேகலை வாபஸ் கடிதத்தை எடுத்து, இதை வாங்கிவரத்தான் அனுப்பப்பட்டோம் என்று மறைக்காமல் சொன்னாள். ராக்காயி கையைச் சாம்பலில் துடைத்துக்கொண்டு தாளை எட்டிப் பார்த்தாள்.

“அந்த உருண்டைய எடுத்துட்டு எம்புள்ள மொகத்தத் திருப்பி வைக்கச் சொல்லுங்க. வச்சாச்சுன்னு எங் கண்ணால பார்த்துட்டு நான் அமுக்குறேன். ஆனா இந்த வெரலுக்கு ரேகை கெடையாது. ரேசன் கடை மிஷினே என்னைய ஆளுன்னு ஒத்துக்க மாட்டேங்குது.”

பைரோஸிடம் ரேஷன் கடையைப் பற்றி ஒரு ஜோக் இருந்தது. அதைச் சொல்லாமல் கூரையைப் படம் எடுத்துக்கொண்டான்.

நாலே காலுக்கு அவர்கள் மாடியேறியபோது அசாருதீன் எழுந்து நின்றார். கையெழுத்து கிடைத்ததா என்று கேட்டார். மணிமேகலை கடிதத்தை மேசையில் விரித்தாள். அடியில், கையெழுத்துக் கோடு இருக்க வேண்டிய இடத்தில், சதுரமாக ஒரு கட்டம் போட்டிருந்தது. பெருவிரல் வைக்கிற கட்டம்.

“இருபது வருசம் இந்தக் கட்டத்தை நான் போட்டிருக்கேன் தம்பி. கையெழுத்துப் போடத் தெரியாதவங்களுக்குத்தான் போடுவோம். ராக்காயின்னு யாரையுமே தெரியாத நீங்க, அவங்களுக்குக் கையெழுத்து வராதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?”

அசாருதீன் உட்கார்ந்தார். பைரோஸ் கூரைப் படத்தைத் திறந்து போனை அவர் முன்னால் தள்ளினான். அவர் அதைப் பார்க்காமலே பேசினார். திருட வேண்டும் என்று நினைக்கவில்லை. முதலில் முகத்தோடுதான் படத்தை வைத்தார். அது சத்தியம். மூன்று மாதத்தில் நாற்பது பேர் வந்தார்கள். மனம் கேட்காமல் ஒருநாள் முகத்தின் மேல் நிலாவை வைத்தார். அந்த வாரமே தொள்ளாயிரம் பேர்.

“நான் என்ன மேடம் பண்றது? செத்தவன் மொகத்தைப் பார்த்தா தள்ளிட்டுப் போறாங்க. நிலாவைப் பார்த்தா உள்ள வாராங்க. அவன் கதை நாலு பேருக்குப் போய்ச் சேரணும்னா அவன் மொகத்தை மறைக்க வேண்டியிருந்துச்சு. அப்புறம் அந்தம்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?”

மணிமேகலை காலையில் அவர் கொடுத்த கோப்பிலிருந்து தேதிப் பட்டியலை உருவினாள். வண்டியில் வரும்போது அவள் முழங்காலில் வைத்துப் படித்துக்கொண்டே வந்த தாள் அதுதான். ஒரு தேதியில் விரலை வைத்தாள்.

“நிலா வச்சது பதினாலாம் தேதி. அதே பதினாலாம் தேதி இன்னொரு வரியும் எழுதியிருக்கீங்க. வாசிங்க.”

அவர் வாசித்தார். குரல் பாதியில் இறங்கியது. பன்னிரண்டு தீவு, நாற்பது கட்டம் என்ற பழைய விளக்கத்தை எடுத்துவிட்டு, ரம்யாவின் இரண்டு வரியை மேலே வைத்ததும் அன்றைக்குத்தான்.

“ஒரே நாள்ல ரெண்டை மாத்திட்டு, வந்த கூட்டம் எதுக்காக வந்துச்சுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. தபால் தலை அளவுல நிலாவும் உருண்டை, மொகமும் உருண்டை. அந்தப் பொண்ணு எழுதின வரிக்கு வந்திருக்காங்க தம்பி. நீங்க அவனைச் சும்மாதான் மூடியிருக்கீங்க.”

செருப்புக்கடையில் யாரோ அளவு பத்தவில்லை என்று சொல்வது மாடிவரை கேட்டது. அசாருதீன் அந்தத் தேதியை இன்னொரு தடவை வாசித்துப் பார்த்தார். பிறகு மடிக்கணினியை இழுத்தார். பழைய படம் அவரிடம் இருந்தது. தொலைந்ததாகச் சொன்னதும் பொய்தான். நிலாவை எடுத்தார். முகம் வந்தது. நாலு ஐம்பதுக்குக் கடைப் பக்கத்தில் அதை ஏற்றிவிட்டு, ரம்யாவுக்குச் செய்தி அனுப்பினார். கைநாட்டு இல்லாவிட்டாலும், அவள் அங்கிருந்து கடைக்கு ஒரு வரி அனுப்பினால் புகார் போய்விடும். பைரோஸுக்கு மனசு லேசானது. கேஸ் முடிந்தது, டீ சொல்லவா என்று கேட்டான்.

நாலு ஐம்பத்து மூன்றுக்குப் போன் அடித்தது. மணிமேகலை அதை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். கொட்டையைத் தட்டும் சத்தம் முதலில் வந்தது. அதற்குப் பின்னால் ராக்காயியின் குரல், கொஞ்சம் தள்ளி.

“இன்னும் நிலாவ எடுக்கலையே அவன்.”

ரம்யா எடுத்தாச்சு ஆத்தா, அது அண்ணன்தான் என்றாள். ராக்காயி, எனக்குக் கண்ணு தெரியாதுன்னு ஏமாத்துறியா, வெள்ளையா உருண்டையா இருக்குது என்று சொல்லிவிட்டு மறுபடி தட்டத் தொடங்கினாள்.

அசாருதீன் போனுக்கு அருகே குனிந்தார். “ரம்யா, பெரிசாக்கிக் காட்டும்மா. மொகம் தெளிவாத் தெரியும்.”

“நான் பெரிசாக்கிப் பார்த்துட்டேண்ணே. மொகம் இருக்கு. ஆனா ஊர் ஒலகமெல்லாம் இத்தனூண்டுலதானே பார்க்கப்போகுது? ஆத்தா இப்பப் பார்த்த மாதிரிதானே? நானும் டிசைன் போட்டவதான். கடலைச் சின்னதாக்குங்க. மொகத்தைப் பெரிசாக்குங்க. எட்ட நின்னு பார்த்தாலும் அவன்தான்னு தெரியணும். இப்பவே அனுப்பிடுறேன்.”

அசாருதீன் முகத்தின் மூலையைப் பிடித்து இழுத்தார். அது வளர்ந்தது. விளக்கு ஓரத்துக்குப் போனது, பெண் ஒதுங்கினாள், கடல் ஒரு கோடாக இறங்கியது. திரை முழுக்க அஜித். புருவத்துத் தழும்பு தெரிந்தது. ஏதோ கேட்க வாயெடுத்தவன் போல, உதடு லேசாகத் திறந்திருந்தது. ஒரே அறையில் நாலு வருடம் இவரோடு படுத்து எழுந்த முகம்.

நாலு ஐம்பத்து எட்டு. அசாருதீனின் விரல் நின்றது. பிறகு ஒரே தட்டில் பழையபடி ஆக்கிவிட்டார். கடல் பெரிதானது, முகம் உருண்டையானது.

“இப்படி வச்சா இது கேம் படம் இல்லை ரம்யா. அஞ்சலி பேனரு.”

“அது மொதல்லயே அஞ்சலி பேனருதானேண்ணே,” என்றாள் ரம்யா. போன் அடங்கியது.

விற்காது என்பதற்காகச் சுருக்கினாரா, அந்த அளவில் அவனைப் பார்க்க முடியாமல் சுருக்கினாரா என்று பைரோஸ் யோசித்தான். கேட்டிருக்கலாம். அவன் வாய்க்கு அது பெரிய காரியமில்லை. கேட்கவில்லை.

ஐந்து மணிக்குப் பிறகு அசாருதீன் மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். வாபஸ் கடிதம் வெறும் கட்டத்தோடு மேசையிலேயே கிடந்தது. மணிமேகலை அதை எடுத்துக் கோப்புக்குள் வைத்தாள். பைரோஸ் தன் போனில் அந்தக் கடையைத் திறந்து, வரிசையாக நின்ற கேம்களைத் தள்ளித் தள்ளித் தேடினான். ‘ஏழாவது படகு’ இருந்த இடத்தில் தபால் தலை அளவுக்கு ஒரு சாம்பல் கட்டம் இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.